ட, ப, ம

ஒண்ணாம் வகுப்பு வாட்சப் குழுவில்
சகாயமேரி டீச்சர் வெள்ளிக்கிழமை தோறும் போடுவார்:
"இந்த வாரம் ட, ப, ம. அதோடு துணைக்கால்.
வீட்டில் கை பிடித்து எழுத வைக்க வேண்டாம்.
மணலில் எழுதட்டும்.
தப்பு வந்தால் உடனே திருத்தாமல் கொஞ்சம் பொறுங்கள்."

மணல் என்னிடம் இருக்கிறது.
பொறுமைதான்
மூட்டை என்ன விலை என்று தெரியவில்லை.

ஐப்பசி மழை.
கடலூருக்குக் கலெக்டர் லீவு விட்டார்.
மஞ்சக்குப்பம் சைட்டில் சாரம் வழுக்கியதால்
மேஸ்திரியும் விட்டார்.
இறால் கம்பெனிக்கு மட்டும் மழை பெய்யவில்லை;
பாமா ஆறு மணிக்கே முதுநகர் வேனில் ஏறிவிட்டாள்.
மிச்சம் நானும் தக்‌ஷிதாவும்,
பூச்சுக்குச் சலித்து வைத்த மணல் அரைச் சட்டியும்,
ஓர் எவர்சில்வர் தாம்பாளமும்.

ட எழுதினாள்.
சுவர் வலப்பக்கம் நின்றது.
என் வாய் திறந்துவிட்டது, மூடிக்கொண்டேன்.
வேலைப்பையிலிருந்து மூலைமட்டத்தை எடுத்துத்
தட்டருகே வைத்தேன்.
அதைத் திருப்பினாள், கவிழ்த்தாள், மறுபடி திருப்பினாள்.
"இப்படி வச்சாலும் ட-தானேப்பா?"
எங்கள் தொழிலில் எப்படி வைத்தாலும் மூலை மூலைதான்.
தமிழில் அப்படி இல்லை போலிருக்கிறது;
இடப்பக்கம் ஒரு சுவர், கீழே தரை,
அவ்வளவுக்குத்தான் அனுமதி.
இருபத்திரண்டு வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கும் எழுத்தை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ப இன்னும் சுலபம்.
ரெண்டு சுவர், ஒரு தரை, தளம் போடவில்லை.
"மழை உள்ள வருமே."
"வரும்," என்றேன்.
ஒழுகுகிற மூலையில் வைத்த வாளி
டொக் என்றது.

ம-வில் வலச்சுவர் மேலே போய்
உள்பக்கமாக வளைந்து சுருள்கிறது.
அதற்கு சென்ட்ரிங் அடிக்க எனக்கு ரெண்டு நாள் ஆகும்.
அவள் ஒரே விரலில் முடித்தாள்.

"என் பேர் எப்ப வரும்?"
அந்த க்ஷ-வை நினைத்துப் பார்த்தேன்.
ஜோசியர் சொன்னார், வைத்தோம்;
யாரும் எழுதிப் பார்க்கவில்லை.
"அடுத்த வருஷம்."
"உன் பேரு?"
கோதண்டபாணி.
எடுத்த எடுப்பிலேயே ஒரு கொம்பு, அதற்கு ஒரு கால்.
"அதுவும் லேட்டாகும்."

உள்ளங்கையால் மணலை நிரவினாள்.
ப. பக்கத்தில் ஒரு கால்.
ம.
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
நான் வாளியில் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்,
பதினொன்று வரை.
அவளே விரல் வைத்துப் படித்தாள்: பா... ம.
"இல்ல. அம்மா ஒரு பக்கமா சாயுது."
கடைசியில் இன்னொரு கால் ஊன்றினாள்.
ஈரம் போதாமல் சரிந்தது.
வாளித் தண்ணீர் தெளித்து
மறுபடி ஊன்றினாள்.

ராத்திரி எட்டுக்குப் பாமா வந்தாள்,
ஐஸில் வெளுத்துச் சுருங்கிய விரல்களோடு.
தாம்பாளத்தைக் காட்டினோம்.
முக்காடாகப் போட்ட பிளாஸ்டிக் பையைக் கழற்றாமலே பார்த்தாள்.
"யாரு எழுதிக் குடுத்தது?"
என்னைத்தான் கேட்டாள்.
ரெண்டு கையையும் விரித்துக் காட்டினேன்,
ஒரு மணல்கூட ஒட்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் மழை விட்டது.
கணக்கில் இருக்கிற மணல்;
சைட்டுக்கே திருப்பிக் கொண்டுபோய்
ஒன்றுக்கு நாலு கலந்து
வக்கீல் வீட்டுச் சமையலறையில் பூசினேன்.
ரசமட்டம் வைத்தேன்.
குமிழி நடுவில் நின்றது.

டீ வந்த நேரம் போனும் அடித்தது, டீச்சர்:
"அடுத்த வாரம் க."
கிளாஸைக் கீழே வைத்துவிட்டு
அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இதை
எந்தச் சுவரிலிருந்து ஆரம்பிப்பது?